பிளாப் 2: வாய் திறந்ததும் வரும் பதவிப் பெயர்

வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பிரிட்டனில் வேலை செய்ய எழுதும் செய்முறைத் தேர்வு பிளாப் 2. அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு ‘ஸ்டேஷன்’. ‘நீங்கள் அவசரப் பிரிவில் எஃப்.ஒய்.2 (படிப்பு முடிந்தபின் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி) டாக்டர்’ என்பது போல ஒரு வரி ஒவ்வொரு ஸ்டேஷன் தாளிலும் இருக்கும். படிக்கக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். நோய் என்னவென்று தேடும் அவசரத்தில் பலர் அந்த வரியைத் தாண்டிவிடுகிறார்கள். உள்ளே போனதும் சொல்ல வேண்டிய பதவி, பிரிவு இரண்டும் அதில்தான் இருக்கின்றன: “ஐ ஆம் டாக்டர் குமார், ஒன் ஆஃப் தி எஃப்.ஒய்.2 டாக்டர்ஸ் இன் ஏ அண்ட் ஈ.”

நம்மூர் வழக்கு காலை வாருவது இங்கேதான். பயிற்சி டாக்டரை ‘ஹவுஸ் சர்ஜன்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு அதையே சொல்லும். சர்ஜனே வந்துவிட்டார், ஆபரேஷன் உண்டா இல்லையா என்று இவரே சொல்லிவிடுவார் என்று நோயாளி நினைத்துக்கொள்வார். பிரிவின் மூத்த டாக்டரை ‘சீஃப்’ என்றால் அங்கே புரியாது, கன்சல்டன்ட் என்று சொல்லுங்கள். நம் பிஜிக்கு (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) நேர்ச்சொல் இல்லை. ராத்திரியில் எஃப்.ஒய்.2 கூப்பிட வேண்டியவர் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரார், அதாவது கன்சல்டன்டுக்குக் கீழே உள்ள சீனியர் டாக்டர். “சீனியரிடம் கேட்கிறேன்” என்பதில் தப்பில்லை, ஆனால் மழுப்பலாக ஒலிக்கும். “மெடிக்கல் ரெஜிஸ்ட்ராரிடம் பேசிவிட்டு வருகிறேன்” என்றால் யாரிடம் என்பது தெளிவாகிவிடும்.

நமக்கு எல்லா நர்ஸும் சிஸ்டர். அங்கே சிஸ்டர் என்பது பொறுப்பில் இருக்கும் பெண் நர்ஸின் பதவி. அதே நிலையில் ஆண் இருந்தால் சார்ஜ் நர்ஸ். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எம்.ஆர்.சி.எஸ் என்ற அறுவை சிகிச்சைத் தேர்வை முடித்த சர்ஜன்கள் ‘டாக்டர்’ பட்டத்தை விட்டு மிஸ்டர், மிஸ் என்று மாறிவிடுவார்கள். நாவிதரும் சர்ஜனும் ஒரே சங்கத்தில் இருந்த காலத்தின் மிச்சம் இது. லண்டனில் 1745-இல்தான் இரு தரப்பும் பிரிந்தன. பட்டத்தைக் கழற்றுவதில் ஒரு கெத்து! எனவே, தாளில் ‘மிஸ்டர்’ என்று ஒரு சர்ஜன் வந்தால் டாக்டர் இல்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

பழைய நோட்ஸில் ‘ஜூனியர் டாக்டர்’ என்று இருப்பதை ‘ரெசிடென்ட் டாக்டர்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 18 முதல் அதுதான் பெயர். டாக்டர்களின் மேற்பார்வையில் வேலை செய்யும் ஃபிசிஷியன் அசோசியேட்டை நோயாளியிடம் டாக்டர் என்று அறிமுகப்படுத்தவே கூடாது. அவர் டாக்டர் இல்லை.

சீனியரிடம் போனில் பேசும் ஸ்டேஷனில் வரிசை மாறக்கூடாது. உங்கள் பெயர், பதவி, வார்டு. அடுத்து, “ஆம் ஐ ஸ்பீக்கிங் டு தி ரெஜிஸ்ட்ரார் ஆன் கால்?” ஆமென்ற பதில் வந்தபிறகுதான் நோயாளியின் பெயர், வயது, பிரச்சினை. இதைக் கேட்காமல் கதையை ஆரம்பித்தால், முழுக்கச் சொல்லி முடித்தபின் மறுமுனையில் இருப்பவர் வேறு யாரோ என்று தெரியவரும். ஸ்டேஷனுக்கான எட்டு நிமிடத்தில் இரண்டு அங்கேயே போய்விடும்.