ஏழு வாக்கும் ஒரு கிரீடமும்

பேரரசர் பதவி என்றால் அப்பாவுக்குப் பிறகு மகன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இன்றைய ஜெர்மனியை மையமாகக் கொண்டிருந்த புனித ரோமப் பேரரசில் அப்படி இல்லை, அங்கே தேர்தல்! வாக்கு மொத்தம் 7 பேருக்கு: மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள், அப்புறம் போகிமிய மன்னர், பலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள். 1356-இல் வந்த 'தங்க ஆணை' என்ற பேரரசுச் சட்டம் எழுதிவைத்த ஏற்பாடு இது.

1519 ஜனவரியில் பேரரசர் மாக்சிமிலியன் இறந்ததும் போட்டி சூடுபிடித்தது. ஒரு பக்கம் அவருடைய பேரன், ஸ்பெயின் மன்னர் சார்லஸ், வயது 19. எதிரே பிரான்ஸ் மன்னர் பிரான்சுவா. இருவரும் பணத்தை வாரி இறைத்தார்கள். சார்லஸ் தரப்பின் செலவு மட்டும் சுமார் 8,50,000 புளோரின் (அக்காலத் தங்க நாணயம்). அதில் 5,43,000-க்கும் மேல் கடனாகத் தந்தவர் ஜெர்மன் நகரமான ஆக்ஸ்பர்க்கின் வணிகர் யாக்கோப் புக்கர். ஜூன் 28 அன்று பிராங்க்பர்ட்டில் 7 வாக்கும் சார்லசுக்கே விழுந்தன.

எனக்கு இந்தக் கதையில் புக்கர்தான் பெரிய ஆச்சரியம். 1367-இல் ஆக்ஸ்பர்க்குக்கு வந்த ஒரு நெசவாளியின் பேரன் அவர். மாக்சிமிலியனுக்கும் கடன் கொடுத்தவர், அவர் கையாலேயே பிரபுப் பட்டமும் பெற்றவர். பிறப்பால் மட்டுமே வரும் என்று சொல்லப்பட்ட மரியாதை, கடன் பத்திரத்தின் வழியாகவும் வந்திருக்கிறது.

1523-இல் பாக்கியைக் கேட்டு சார்லசுக்கே கடிதம் எழுதினார் புக்கர். என் உதவி இல்லாமல் ரோமக் கிரீடம் தங்களுக்குக் கிடைத்திருக்காது, இது ஊரறிந்த விஷயம் என்று பேரரசரிடமே நேராகச் சொன்னார்.