ஹெல்சிங்கியில் அரைஞாண்கொடியோடு

பிப்ரவரி நடுவில், பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் எனக்குக் கிடைத்தது இரண்டே பகல். அதுவும் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை ஐந்துக்கு இருட்டிவிடும் பகல்.

ஏர்போர்ட் ரயில் நிலையத்தில் முதல் தடுமாற்றம். டிக்கெட் மெஷின் 'ஏபி'யா 'ஏபிசி'யா என்று மண்டலம் கேட்டது. விலை குறைவாக இருந்த ஏபியைத் தொடப்போனேன். பின்னால் நின்ற ஒரு பாட்டி, வாயைத் திறக்காமல், ஏபிசியை விரலால் காட்டினார். ஏர்போர்ட் இருப்பது சி மண்டலமாம். அரை மணி நேரத்தில் ஊருக்குள் வந்தாயிற்று. ஊருக்குள் ஏபியே போதும். அதே டிக்கெட்டில் சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குப் படகிலும் போகலாம். பதினைந்து நிமிடப் பயணம். அடியில் பனிக்கட்டி அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டே வந்தது. ரஷ்யாவைத் தடுக்க ஸ்வீடன் 1748இல் கட்டத் தொடங்கி, 1808இல் ரஷ்யாவிடமே ஒப்படைத்த கோட்டை அது. காற்றில் காது மரத்துப்போனதால் சுற்றிப் பார்த்தது பாதிதான்.

அந்தக் குளிர்தான் அன்று மாலை என்னை சவுனாவுக்கு, அதாவது சுடச்சுட ஆவியில் உட்காரும் வெந்நீராவி அறைக்கு, தள்ளியது. கல்லியோ பகுதியில் கோத்திஹர்யு என்று ஒரு பொதுச் சவுனா. 1928இலிருந்து விறகு எரித்து நடத்துகிறார்கள். கடலோரத்தில் பளபளப்பான புதுச் சவுனாக்களும் உண்டு, அங்கே நீச்சலுடையில் போகலாம். இங்கே ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. உள்ளே ஒட்டுத்துணி கிடையாது.

லாக்கர் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். சட்டை, பேன்ட் எல்லாம் கழற்றியாயிற்று. கடைசித் துணியில் கை நின்றுவிட்டது. "அரைஞாண் கயிறு இல்லாம இருந்தாத்தான்டா அம்மணம்" என்று எங்கள் அப்பாயி சொல்லும். இடுப்பில் வெள்ளிக்கொடி இருந்தது. அந்தத் தைரியத்தில் கழற்றிவிட்டேன்.

முதலில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். குளிக்காமல் நுழைவது பெரிய மரியாதைக் கேடு. பிறகு உட்காரும் இடத்தில் போட ஒரு சின்னத் துண்டு. கண்ணாடியை வெளியிலேயே வைத்துவிடுங்கள், பிரேம் சுடும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

உள்ளே படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கை. உயரே போகப் போகச் சூடு. வீறாப்பாக மேல்படி ஏறினேன். ஏழெட்டுப் பேர், ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் என்னைப் பார்க்கவும் இல்லை. ஒருவர் மட்டும் ஏதோ கேட்டார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், அடுப்பின் சுடுகற்களில் தண்ணீர் விழுந்து 'சொய்ங்' என்றது. அந்த ஆவிக்குப் பெயர் 'லோய்லு'. கண்ணுக்குத் தெரியாமல் வந்து காது மடலைத்தான் முதலில் பிடிக்கும்.

அடுத்தது வெள்ளிக்கொடி. தோசைக்கல் விளிம்பை இடுப்பில் வைத்தது மாதிரி ஒரு இழுப்பு. துள்ளிக் கீழ்ப்படிக்கு வந்து, கொடிக்கும் தோலுக்கும் நடுவே துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. போகிறவர்கள் கொடியைக் கழற்றி வையுங்கள், அல்லது கறுப்புக் கயிறுக்கு மாறிவிடுங்கள்.

சூடு தாங்காதபோது துண்டைக் கட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிடுகிறார்கள். சுற்றிலும் பனி, டிராம் போகும் சத்தம், கையில் பீர், உடம்பிலிருந்து சாம்பிராணிப் புகை மாதிரி ஆவி. நானும் போய் நின்றேன். இரண்டு நிமிடம் குளிரே தெரியவில்லை.

பக்கத்தில் நின்றவர் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தார். என் இடுப்பைக் காட்டி, அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். விளக்கத் தெரியாமல் "பெல்ட்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேன்ட் இல்லாமலா?" என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் கொடி ஐஸாகிவிட்டது. உள்ளே ஓடினேன்.