வேலிக்குள்ளே ஒரு ஞாயிறு

எங்கள் விமான நிலையத்தைச் சுற்றியிருக்கும் கம்பி வேலி மனிதர்களை வெளியே நிறுத்துவதற்காகப் போடப்பட்டது. பந்தைத் தேடி வரும் சிறுவர்கள், நேரான நீண்ட பாதையைக் கண்டதும் வண்டி ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள், தெருநாய்கள் என்று எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆண்டில் 364 நாளும் அந்த வேலியைக் காக்கிறோம். மீதி ஒரு நாள் கதவைத் திறந்து ஊரையே உள்ளே விடலாம் என்று தீர்மானம் போட்ட கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பறப்புக் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தியபோது என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருந்தார்கள்.

எங்களுடையது அட்டவணைப்படி பயணிகள் வந்துபோகும் நிலையம் இல்லை. ஒரே ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஒரு பயிற்சிப் பள்ளி, ஒரு பழுதுபார்க்கும் பட்டறை, பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஒன்று, அவ்வப்போது நோயாளியை ஏற்றிப்போக வரும் ஆம்புலன்ஸ் விமானம், கொட்டகை வாடகைக்கு எடுத்துத் தங்கள் சிறு விமானத்தைப் பூட்டிவைத்திருக்கும் என்னைப் போன்ற சிலர். வெளியே இருப்பவர்களுக்கு இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மைதானம். அந்த எண்ணத்தை மாற்றத்தான் விழா. சனிக்கிழமை தொழில் துறையினருக்கு, ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்கு என்று பிரித்தோம்.

முதல் சண்டை சாகசப் பறப்பு பற்றி. குட்டிக்கரணம் போடும் விமானம் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்றது ஒரு கட்சி. எனக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே உடன்பாடு இல்லை. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளத்தில் வானிலேயே மோதிக்கொண்ட விமானங்களில் ஒன்று கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். இன்று பார்வையாளரை நோக்கிச் சாகசம் செய்யக் கூடாது என்று விதிகள் கண்டிப்பாக இருப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்காரர் முதல் சந்திப்பில் ராம்ஸ்டைனைப் பற்றிக் கேட்கவில்லை. வரைபடத்தை விரித்து, ஓடுபாதை முனைக்கு அப்பால் போகும் நெடுஞ்சாலையில் விரலை வைத்தார். “இங்கே வண்டியை நிறுத்திவிட்டு எத்தனை பேர் வேடிக்கை பார்ப்பார்கள்?” என்றார்.

அவர் நினைத்தது 2015 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் ஷோர்ஹாம் விமானக் காட்சியில் வட்டமடித்து இறங்கிய பழைய ஹாக்கர் ஹண்டர் ஜெட் ஒன்று மேலெழ முடியாமல் பக்கத்துச் சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் காட்சித் திடலுக்கு வெளியே, சாலையில் இருந்தவர்கள். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அதுவரை வேலிக்கு உள்ளே வருபவர்களைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த விரல் போதுமானதாக இருந்தது. சாகசம் வேண்டாம், இறக்கையை ஆட்டிக் கடந்துபோகும் எளிய பறப்புகள் போதும் என்று முடிவாயிற்று. மறு கட்சி என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

அடுத்த நான்கு மாதங்கள் காகிதம். அனுமதி விண்ணப்பம், தீயணைப்பு, காவல் துறை, கழிப்பறை ஒப்பந்தம். இதையெல்லாம் விவரித்தால் எனக்கே தூக்கம் வரும். ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானிகளுக்கு முன்கூட்டியே விடும் அறிவிப்பை நோட்டாம் என்பார்கள். ஓடுபாதை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மற்றவர்களுக்கு மூடியிருக்கும் என்பதை அதில் பத்து இலக்கங்களில் எழுத வேண்டும்: ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில். இதை நான் மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து உள்ளூர் நேரத்தை எழுதி அனுப்பிவிட்டேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வேறோர் ஊரிலிருந்து ஒரு விமானி தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்கள் அறிவித்திருக்கும் நேரத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்போமே, விழாவை யாருக்கு நடத்துகிறீர்கள்?” என்று மிக மரியாதையாகக் கேட்டார். திருத்த அறிவிப்பு அன்றே போயிற்று. அந்தத் தொலைபேசி வந்திராவிட்டால் விழா நடந்துகொண்டிருக்கும்போது, பாதை திறந்திருக்கிறது என்று நம்பி யாராவது இறங்கியிருப்பார்கள்.

விழாவுக்கு முந்தைய வாரம் பயிற்சி அறையில் ஒரு மேசைப் பயிற்சி வைத்தோம். பெரிய தாளில் நிலையத்தை வரைந்து, பொம்மைக் கார்களையும் பொத்தான்களையும் பரப்பி, ‘விமானம் ஓடுபாதையை விட்டு வெளியே போய்விட்டது, இப்போது என்ன?’ என்று தொடங்கினோம். தீயணைப்புக்காரர் தன் பொம்மை வண்டியை நகர்த்தினார். வாயிலில் எங்கள் பார்வையாளர்களின் கார்வரிசை நின்றது. அறையில் யாரும் பேசவில்லை. அன்று மாலையே பின்பக்கக் கதவின் துருப்பிடித்த பூட்டை அறுத்து, அந்த வழியை அவசர வண்டிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். நான்கு மாதக் கோப்புகளில் கிடைக்காதது அரை மணி நேர விளையாட்டில் கிடைத்தது.

என்னை அதிகம் பயமுறுத்தியது வானம் இல்லை, ப்ரொப்பெல்லர். அது சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. சுற்றாதபோதும் நம்பத் தகுந்தது இல்லை. பெரும்பாலான சிறு விமானங்களின் பிஸ்டன் என்ஜின்களில் மேக்னெட்டோ என்ற கருவி இருக்கிறது. பேட்டரி உதவியில்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கித் தீப்பொறியைக் கொடுக்கும். சாவியை அணைத்தால் ஒரு கம்பி வழியாக அந்த மின்சாரம் என்ஜினின் உலோக உடலுக்குள் இறங்கிவிடும், அவ்வளவுதான். அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால், சாவி பையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். அப்போது யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் சற்றுத் திருப்பினாலும் என்ஜின் ஒரு சுற்று துள்ளலாம். ஒரு சுற்று போதும். குழந்தைகள் புகைப்படத்துக்கு நிற்கும்போது முதலில் பிடிப்பது எதை என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் மூத்த மெக்கானிக் காட்சிக்கு நிறுத்திய ஒவ்வொரு விமானத்தின் மூக்கையும் சிவப்புத் துணியால் சுற்றினார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். எல்லாச் சாவிகளையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தச் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கயிறு கட்டும்போது இடுப்பு உயரத்தில் ஒன்று கட்டினேன். வந்து பார்த்தவர், “இது யாருக்குத் தம்பி? பெரியவர்களுக்கா? அவர்கள் சொன்னால் கேட்பார்கள்” என்று முழங்கால் உயரத்தில் இன்னொன்று கட்டினார். அன்று முழுவதும் அந்தக் கீழ்க் கயிற்றில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள் சிறியவர்கள்.

என்ஜின் ஓடும் விமானம் நகரும்போதெல்லாம் இரண்டு தன்னார்வலர்கள். ஒருவர் விமானிக்குக் கைச்சைகை காட்டுவார். மற்றவருக்கு விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை மட்டும் பார்ப்பதே வேலை. விமானம் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு இதைவிடக் கொடுமையான வேலை இல்லை. சுற்று முறையில் மாற்றிக்கொண்டோம். இருந்தும் பைப்பர் கப் என்ற பழைய சிறு விமானம் ஒன்று மஞ்சள் நிறத்தில் மினுங்கிக்கொண்டு கடந்தபோது எங்கள் முதுகுக்காரர் திரும்பிவிட்டார். நானும் திரும்பினேன் என்பதால் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

காலை 9 மணி முதல் 10 வரை 30 விமானங்கள் வந்து சேர வேண்டும். கோபுரம் இல்லாத நிலையத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் தம் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டே வருவார்கள். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலிதான் மிஞ்சும். அமெரிக்காவின் ஆஷ்காஷில் ஜூலை மாதக் கடைசியில் கூடும் விமானத் திருவிழாவுக்கு ஏறத்தாழ 10,000 விமானங்கள் வருகின்றன. அங்கே ரயில் பாதையை ஒட்டி ஒற்றை வரிசையில் வரச் சொல்லி, தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிட, விமானி வாய் திறக்காமல் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்வார். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே அனுப்பினோம். இருபத்தைந்து பேர் கடைப்பிடித்தார்கள். மீதி ஐந்து பேர் சேர்ந்தே வந்தார்கள்.

பிழை ஒன்று என்னுடையது. ஹெலிகாப்டர் நிற்கும் இடத்தைப் பயிற்சிப் பள்ளியின் கூடாரத்துக்கு அருகே குறித்திருந்தேன். அது இறங்கியபோது கீழே அடித்த காற்றில் துண்டறிக்கைகள் எல்லாம் ஓடுபாதைப் பக்கம் பறந்தன. கூடாரத்தின் ஒரு காலும் தூக்கிக்கொண்டது. அரை மணி நேரம் பறப்பை நிறுத்திவிட்டுக் காகிதம் பொறுக்கினோம். ‘விமானியாக வாருங்கள்’ என்று ஒவ்வொரு தாளிலும் அச்சடித்திருந்தது.

சிறுவர்களுக்கான இலவசப் பறப்புக்கு முன்மாதிரி 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய யங் ஈகிள்ஸ் திட்டம். 8 முதல் 17 வயது வரை உள்ளவர்களைத் தன்னார்வ விமானிகள் தங்கள் சொந்த விமானத்தில் ஏற்றிச்செல்கிறார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்படிப் பறந்திருக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தியது செஸ்னா 172. 1955இல் முதலில் பறந்து, 44,000க்கும் மேல் தயாரிக்கப்பட்ட வகை. நான்கு இருக்கை உண்டு. அதற்காக எரிபொருளை முழுக்க நிரப்பி நான்கு கனமான ஆட்களை ஏற்றிவிட முடியாது. ஆகவே பதிவு மேசையிலேயே எடை இயந்திரம். எண் தன்னார்வலருக்கு மட்டும் தெரியும்படி திருப்பிவைத்தோம். கூட வந்த பெற்றோரில் சிலர் அப்போதும் முகம் சுளித்தார்கள். நண்பகலில் வெயில் ஏற ஏறக் காற்று லேசாகி, மேலெழ ஓட வேண்டிய தூரம் நீண்டது. விமானத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்று குறைத்தோம். மூன்று மணிக்கு, காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பை முழுதாக நீண்டு ஓடுபாதைக்குக் குறுக்கே நின்றது. அப்படி நின்றால் காற்று ஏறத்தாழ 15 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். செஸ்னா 172க்குச் சோதனையில் காட்டப்பட்ட குறுக்குக் காற்று அளவும் அதுவே. அதைத் தாண்டினால் விமானம் இறங்காது என்பதில்லை. ஆனால் மற்றவர் வீட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைச் சோதிக்க வேண்டாம் என்று நிறுத்தினோம். வரிசையில் பதினொரு பேர் மீதி இருந்தார்கள். அதில் ஒரு பெண் குழந்தை அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுதிருக்கலாம்.

சனிக்கிழமைக் கூட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேலைவாய்ப்பு அரங்குகள், கருவி விற்பனையாளர்கள், உரைகள் எல்லாம் வழக்கமானவை. சூடு பிடித்தது எரிபொருளில். சிறு விமானங்கள் போடும் நீல நிறப் பெட்ரோலின் பெயரில் ‘குறைந்த ஈயம்’ என்று இருந்தாலும், 1 லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். எரிபொருள் நேரம் தவறி வெடித்து என்ஜினில் தட்டல் வராமல் தடுக்க அது தேவைப்பட்டது. கார்கள் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. ஈயமில்லாத 100 ஆக்டேன் எரிபொருள் ஒன்றுக்கு அமெரிக்க விமானத் துறை 2022இல் ஒப்புதல் அளித்தது. 2030 முடிவுக்குள் ஈயத்தை அங்கே அறவே நீக்குவது இலக்கு. பயிற்சிப் பள்ளிக்காரர் நாளைக்கே மாறத் தயார் என்றார். மெக்கானிக் எழுந்து, தொட்டியின் ரப்பர் வளையங்களும் பெயிண்டும் என்ன ஆகும் என்பதை யார் ஏற்பது என்று கேட்டார். விலை பற்றி ஒருவர், தனித்தொட்டி வைக்க இடம் பற்றி இன்னொருவர். முடிவு எதுவும் இல்லை. ஆனால் ஒரே வேலிக்குள் பத்து ஆண்டுகளாக இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் அன்றுதான் ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள்.

சத்தம் பற்றி மாதம் தவறாமல் புகார் எழுதும் ஒருவர் ஓடுபாதைக்கு அப்பால் வசிக்கிறார். ஞாயிறன்று அவரை நானே அழைத்துச் சுற்றிக்காட்டினேன். கவனமாகக் கேட்டார், நிறையக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதமும் புகார் வந்தது. இம்முறை விமானத்தின் வகை, உயரம், எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் சரியாக இருந்தன. அதனால் முதல் தடவையாகப் பயிற்சிப் பள்ளியின் திருப்பு இடத்தை மாற்ற வைக்க முடிந்தது.

மாலையில் கூட்டம் கலைந்ததும் தளம் முழுவதும் தோளோடு தோளாக வரிசைகட்டி நடந்தோம். கல், ஆணி, மூடி எது கிடந்தாலும் அதை ப்ரொப்பெல்லர் உறிஞ்சி அடிக்கும் என்பதால் குனிந்தே நடக்க வேண்டும். ஒரு சின்னச் செருப்பு, மூன்று பேனா, ஒரு காதணி. பிறகு ஒரு திருகாணி. மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீடு திரும்பத் தயாராக என்ஜினைக் கிளப்பிவிட்ட இரண்டு விமானங்களை அணைக்கச் சொன்னார். சாவிப் பெட்டியை மறுபடி பூட்டினார். இருட்டப்போகிறது என்று விமானிகள் முறையிட, ஒவ்வொரு விமானமாக மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துக்கொண்டு போனார். ஒன்றிலும் குறை இல்லை.

நாற்பது நிமிடம் கழித்து, களைத்துப்போய் நான் உட்கார்ந்த மடக்கு நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்தது.

“ஆக, இங்கேயா இருந்தது” என்று திருகாணியை என் கையில் கொடுத்துவிட்டு, சாவிப் பெட்டியைத் திறக்கப் போனார்.