நகரத் திட்டமிடல் ஆய்வுக்கு வருவோர் கவனத்திற்கு

நகரத் திட்டமிடலில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, எந்த வரைபட மென்பொருளைக் கற்பது என்பதைத்தான். அதைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். ஒரு நகரத்தில் எந்த முடிவை எந்தச் சட்டத்தின்கீழ் யார் எடுக்கிறார்கள் என்று கண்டறியும் பழக்கம் அதைவிட முக்கியமானது. அது வர நாளாகும்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. அவற்றுள் முதலாவது நகரத் திட்டமிடல். எனினும் சென்னையின் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரிப்பது, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.)தான், மக்கள் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றம் அன்று. அந்த மன்றமும் 2016 முதல் 2022 வரை இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலரே அதன் அதிகாரங்களைச் செலுத்தினார். அந்த ஆண்டுகளில் மன்றத் தீர்மானம் தேவைப்பட்ட முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன, அவற்றில் வார்டு மக்களின் குரல் எங்கே பதிவானது என்ற ஒரு கேள்வியே முழு ஆய்வேட்டுக்குப் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திட்டமிடலில் முதுநிலைப் பட்டமான எம்.பிளான் படிப்புக்கு, கேட் (GATE) நுழைவுத் தேர்வில் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் தாளை எழுதலாம். முனைவர் பட்டத்திற்கு எந்தத் துறை என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள்: திட்டமிடல் பள்ளிகளில் தீர்வு முன்மொழியப் பழக்குவார்கள், அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சமூக அறிவியல் நிறுவனங்களில், நிலைமை ஏன் இப்படி இருக்கிறது என்று விளக்கச் சொல்வார்கள். நகர நிர்வாகத்தை ஆராய்பவருக்கு இரண்டாவது பயிற்சி இன்றியமையாதது.

சென்னையை விட்டு வெளியேயும் பாருங்கள். 5,000 மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினருக்கு வேளாண்மை சாராத வேலை ஆகிய அளவுகோல்களால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரம் என்று கொண்ட ஊர்கள் பலவற்றைக் கிராம ஊராட்சிகளே நிர்வகிக்கின்றன. அங்கே குப்பைக்கும் கழிவுநீருக்கும் யார் பொறுப்பு என்பதை ஆராய்ந்தவர்கள் மிகக் குறைவு.

கள ஆய்வுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பெரிதும் உதவும். பொதுவாகக் கேட்காமல், அரசாணை எண்ணையோ தீர்மானத்தின் தேதியையோ குறிப்பிட்டு நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்; தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அந்தக் கால இடைவெளியையும் ஆய்வு அட்டவணையில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.