நைஜீரியா சேர் கொண்டு வந்த பெட்டி

1980களின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பில் படித்தவர்களுக்கு 'நைஜீரியா சேர்' என்று சொன்னால் போதும். எண்ணெய்ப் பணம் பெருகியிருந்த அந்த நாடு வெளிநாட்டு ஆசிரியர்களைத் தேடி எடுத்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்தும் பட்டதாரிகள் பலர் ஒப்பந்தத்தில் போனார்கள். திரும்பி வந்து வீடு கட்டினார்கள், சகோதரிகளுக்குச் சீதனம் கொடுத்தார்கள். சேரும் அதைத்தான் செய்தார். ஆனால் அவரோடு ஒரு தகரப் பெட்டி நிறையச் செம்மஞ்சள் அட்டை போட்ட புத்தகங்களும் வந்தன. ஹைனமன் நிறுவனம் 1962இல் தொடங்கிய ஆபிரிக்க எழுத்தாளர் வரிசை அது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு நூலகம் என்றால் அந்தப் பெட்டிதான்.

அந்த வரிசையின் முதல் நூல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் 'Things Fall Apart' என்ற நாவல். வரிசைக்கு முன்பே, 1958இல் முதலில் வந்தது. இப்போது நம்மவரான என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. அன்று சேர் ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசிப்பார், பிறகு தமிழில் கதை சொல்லுவார்.

முதல் நாள் கரும்பலகையில் ஒரு வளவு கீறினார். சுற்றிவரச் செம்மண் மதில், வாசலுக்கு நேரே கதாநாயகன் ஒக்கொங்வோவின் குடில், பின்னால் அரைவட்டமாக மூன்று மனைவியரின் குடில்கள், மதிலோரம் கிழங்குப் பட்டறை. அந்தக் கிழங்கு நம்மூர் இராசவள்ளியின் இனம் என்று சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளைக்காரன் எப்போது வருகிறான் என்று கேட்ட ஒருவனைக் கையமர்த்தி, "அவன் வருவான். முதலில் இந்த வீட்டில் ஆர் சமைக்கினம், ஆர் சாப்பிடுகினம் எண்டு பார்" என்றார்.

அந்த வீட்டில் இக்கெமெபுனா என்றொரு பையன் வளர்கிறான். அயல் ஊரார் செய்த கொலைக்கு ஈடாக ஒப்படைக்கப்பட்டவன். மூன்று ஆண்டுகள் போகின்றன. ஒக்கொங்வோவை அப்பா என்றே கூப்பிடுகிறான். மூத்த மகன் நுவோயெக்கு அண்ணன்போல ஆகிவிடுகிறான். அப்புறம் அவனைக் கொல்லவேண்டும் என்று குறிவாக்கு வருகிறது. உன்னை அப்பா என்கிறவன், நீ இதில் கை வைக்காதே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியும் ஒக்கொங்வோ கூடப் போகிறான். சொந்த ஊருக்குப் போகிறோம் என்று நம்பிக் கள்ளுப்பானையைத் தலையில் சுமந்து நடந்த பிள்ளை, முதல் வெட்டு விழுந்ததும் அப்பா என்று அவனிடமே ஓடி வருகிறான். தன்னைக் கோழை என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் ஒக்கொங்வோ வெட்டுகிறான்.

சேர் எங்களை நிறுத்திவைத்தது அதற்கு அடுத்த பக்கங்களில். இரண்டு நாள் ஒக்கொங்வோ ஒன்றும் சாப்பிடவில்லை, கள் மட்டும் குடிக்கிறான். மூன்றாம் நாள் வாழைக்காய் சுட்டுத் தரச் சொல்கிறான். மகள் எசின்மா கொண்டுவந்து வைத்து, இரண்டு நாள் சாப்பிடவில்லை, இதை முடிக்கத்தான் வேண்டும் என்று பக்கத்திலேயே இருக்கிறாள். நுவோயெயோ அந்தக் கொலைக்குப் பிறகு தகப்பனோடு ஒட்டவே இல்லை. பின்னர் மிஷனரிமார் வந்து பாடியபோது அவன் அவர்களோடு எழுந்து போனதற்கான காரணம் இந்த வளவுக்குள்ளேயே இருந்தது. ஒரு சமூகம் சிதைந்ததை ஆச்சிபி அந்த மதிலுக்குள் வைத்தே காட்டிவிட்டார். வரலாற்றின் பெரிய திகதிகள் அத்தனைக்கும் ஒரே குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஓடும் தடித்த நாவல்கள் எனக்கு ஒட்டாமல் போனது இதனால்தான்.

எகிப்தின் நகீப் மஹ்ஃபூஸை நான் இலண்டனுக்கு வந்த பிறகுதான் வாசித்தேன். அவருடைய 'Palace Walk' நாவலில், பிள்ளைகளை அதட்டியே வளர்த்த தகப்பனின் கடைக்கு மூன்று இளைஞர்கள் வருகிறார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான 1919 எழுச்சியின் ஊர்வலத்தில் மகன் ஃபஹ்மி இறந்த செய்தியோடு வருகிறார்கள். அந்த மனிதருக்கு உடனே எழுகிற கவலை, இதை அவன் தாய்க்கு எப்படிச் சொல்வது என்பது. சேர் இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் வாசித்திருப்பார்.

2006இல் நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா எங்கோசி அடிச்சியின் பயாஃப்ரா நாவல் 'Half of a Yellow Sun' வந்தது. நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாஃப்ராவுக்காக 1967 முதல் 1970 வரை நடந்த போரின் கதை அது. அடிச்சி 1977இல் பிறந்தவர். பாட்டன்மார் இருவரையும் அந்தப் போர்தான் கொண்டுபோனது. கதையில் ஒலன்னா, கைனேனே என்று இரட்டைச் சகோதரிகள். அகதி முகாமை நடத்தும் கைனேனே, முகாமுக்குச் சாமான் வாங்க எதிரியின் எல்லை தாண்டிச் சந்தைக்குப் போகிறாள். திரும்பவில்லை. போர் முடிகிறது, ஒலன்னா தேடுகிறாள், கண்டவர் இல்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. கதாசிரியர் கடைசிவரை பதில் தரவில்லை. தந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். காணாமல் போனவரின் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று இன்றும் தெரியாமல் இருக்கும் வீடுகள் நம் மலரை வாசிப்பவர்களிலும் உண்டு. அவர்களுக்கு இந்த நாவலை விளக்கத் தேவையில்லை.

அதை வாசித்தபோது ஒன்று உறைத்தது. சேர் நைஜீரியாவில் படிப்பித்த மாணவர்கள் அந்தப் போரில் குழந்தைகளாக இருந்தவர்கள். வீட்டில் ஆர் சாப்பிட்டது என்று அவர் கேட்கப் பழகியது அவர்களிடமிருந்தாக இருக்கலாம்.

நம் பழைய மாணவர் சங்கம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பும் புத்தகங்களில் பயிற்சி நூல்களே அதிகம். அவையும் வேண்டியவைதான். அடுத்த பொதியில் 'சிதைவுகள்' ஒரு வகுப்புக்குப் போதுமான அளவு போகவேண்டும் என்று செயற்குழுவைக் கேட்கிறேன். ஒரு பிரதி அலுமாரிக்குள் இருந்துவிடும். முப்பது பிரதி இருந்தால் ஓர் ஆசிரியர் அதை எடுத்துக் கரும்பலகையில் அந்த வளவைக் கீறுவார். செலவில் என் பங்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.