ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி: செவியிலிருந்து தொடங்குவோம்

ஆங்கில உச்சரிப்பைச் சீராக்க விரும்புவோர் பலர் ஒரு பத்தியை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்குகிறார்கள். அது பேசும் துணிவைத் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உச்சரிப்பைத் திருத்தும் வழியாக அதை நான் பரிந்துரைப்பதில்லை. எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும் தமிழில் பழகிய கண், ஆங்கிலத்தையும் அப்படியே ஒலித்துவிடப் பார்க்கிறது. அங்கோ 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிறார்கள். உயிரெழுத்துகள் ஐந்துதான், பிரித்தானிய வழக்கில் உயிரொலிகள் ஏறத்தாழ 20. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த பின் சொற்களின் எழுத்துவடிவம் மெல்ல நிலைபெற்றது. நெட்டுயிர்களின் ஒலிப்போ அதன் பிறகும் நெடுங்காலம் மாறிக்கொண்டே இருந்தது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் 'பி' எழுத்து, லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் பிற்காலத்தில் செருகப்பட்டது. ஆகவே புதிய சொல் எதுவாயினும் முதலில் கேட்டு, பிறகு சொல்லிப் பார்த்து, அதற்குப் பின்னரே எழுத்தைக் காணுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வேன்.

ஒலிகளைத் தனித்தனியே திருத்துவதில் காலத்தையெல்லாம் செலவிட்டுவிட்டு அசையழுத்தத்தை விட்டுவிடுவதும் பரவலாகக் காணும் வழக்கம். என் பார்வையில் முதலிடம் அழுத்தத்துக்கே உரியது. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய மாத்திரையைப் பெற்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் ஓர் அசை உரத்தும் நீண்டும் ஒலிக்க, அருகிலுள்ளவை தேய்ந்துவிடுகின்றன. 'ரெக்கார்ட்' என்ற சொல்லின் முதலசையை அழுத்தினால் அது பெயர்ச்சொல். இரண்டாம் அசையை அழுத்தினால் வினைச்சொல். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசையில் இருக்கும் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபி'யில் இரண்டாம் அசைக்கும் 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாம் அசைக்கும் நகர்ந்துவிடுகிறது. நாம் அன்றாடம் முதலசையை அழுத்திச் சொல்லும் 'ஹோட்டல்', 'டெவலப்' ஆகிய இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில்தான். 'ஷன்' என்றோ 'இக்' என்றோ முடியும் சொற்களில் பெரும்பாலும் அவற்றுக்கு முந்திய அசையே அழுத்தம் பெறும் என்ற ஒரு விதியை மனத்தில் கொண்டாலே பல நூறு சொற்கள் நேராகிவிடும். அகராதியில் ஒலிக்குறிப்பைப் பார்க்கும்போது, மேலே நிற்கும் சிறு கோட்டைத் தேடுங்கள். அழுத்தம் பெறும் அசை அதற்கு அடுத்துத் தொடங்குகிறது.

அழுத்தம் பெறாத அசைகளில் உயிரொலி பெரும்பாலும் வாயின் நடுவில் மங்கலாகப் பிறக்கும் குறுகிய ஒலியாகச் சுருங்குகிறது. 'ஷ்வா' என்று பெயர் பெற்ற இதுவே ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் உயிரொலி. ஆயினும் இதற்கென்று தனி எழுத்து கிடையாது. 'பனானா'வில் ஒரே உயிரெழுத்து மூன்று முறை வந்தாலும், நடுவிலுள்ளது மட்டுமே முழுமையாக ஒலிக்கிறது. மற்ற இரண்டும் ஷ்வா. 'ஆன்ட்', 'டு', 'ஆஃப்', 'கேன்' போன்ற சிறு சொற்களும் தொடருக்குள் வரும்போது பெரும்பாலும் இவ்வாறே மங்குகின்றன. அவற்றைத் திருத்தமாகச் சொல்வதாக எண்ணி முழு ஒலியும் கொடுத்துப் பேசினால், எந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பது கேட்பவருக்குப் பிடிபடாமல் போகும்.

அடுத்துச் சொல்லின் இறுதி. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால், அவ்வாறு முடியும் ஆங்கிலச் சொற்களோடு நம் நாக்கு தானாகவே ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துவிடுகிறது. 'குட்' என்பது 'குட்டு' ஆகிறது. மூச்சை அங்கேயே நிறுத்தப் பழக வேண்டும். நடந்ததைக் குறிக்கும் 'வாக்ட்' என்பதும் ஓரசைச் சொல்தான். டகரத்தில் முடியும் வினைகளுக்குத்தான் 'வான்டட்' என்பதுபோல் கூடுதல் அசை வரும். பையைக் குறிக்கும் சொல்லையும் முதுகைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'பேக்' என்றே எழுதுகிறோம். பையைச் சொல்லும்போது நடுவிலுள்ள உயிரொலியைச் சற்று நீட்டினால் வேறுபாடு தெளிவாகக் கேட்கும்.

வகரத்தைப் பொறுத்தவரை நமக்கு நல்ல தொடக்கம் இருக்கிறது. பல்லும் இதழும் இயைய வகரம் பிறப்பதாகத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. ஆங்கில 'வி'க்கு மேற்பல் கீழுதட்டில் நன்கு படிந்து, காற்று உரசிக்கொண்டு வர வேண்டும். 'டபிள்யூ'வுக்குப் பல்லின் துணை வேண்டாம், உதடுகள் குவிந்தால் போதும். நாக்கைப் பற்களிடையே நீட்டி ஒலிக்கும் 'தி' ஒலிக்காக வருந்த வேண்டியதில்லை. வெவ்வேறு தாய்மொழியினர் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது அது புரிதலைப் பெரிதாகக் கெடுப்பதில்லை என்று மொழியியலாளர் ஜென்னிஃபர் ஜென்கின்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். அசையழுத்தத்தையும் அவர் இன்றியமையாததாகக் கொள்ளவில்லை. அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

பயிற்சிக்குத் தெளிவாகப் பேசும் ஒருவரின் அரை நிமிடப் பேச்சே போதும். எழுத்தைப் பாராமல் பலமுறை கேளுங்கள். பிறகு அவருடைய குரலோடு ஒட்டியே, நிழல்போல் ஒரு நொடி பின்தொடர்ந்து பேசுங்கள். அதன்பின் தனியாகப் பேசிக் கைபேசியில் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு நாள் அழுத்தம், மறுநாள் சொல்லிறுதி. தொடரில் எந்தச் சொல் உயர்ந்து ஒலிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'அவள்தான் நேற்று வந்தாள்', 'அவள் நேற்றுத்தான் வந்தாள்' என்று நாம் 'தான்' சேர்த்துக் காட்டும் வேறுபாட்டை, ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் கூட்டாமல் குரலை மட்டும் இடம்மாற்றிக் காட்டிவிடலாம். ஐந்தாறு சொற்கள் கொண்ட ஒரு தொடரை எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லை உயர்த்திச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பதிவைக் கேட்கும் இன்னொருவர் நீங்கள் எந்தச் சொல்லை உயர்த்தினீர்கள் என்று தயங்காமல் சொல்லும்வரை அடுத்த தொடருக்குப் போக வேண்டாம்.