அடிவரியில் இருந்த பெயர்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முழுவதும் நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆஃப்செட் அச்சகம் நடத்தியவன் ஆதலால், எந்த அச்சுத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் அதன் அடிவரியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நம் நாட்டில் தேர்தல் நோட்டீஸோ சுவரொட்டியோ அச்சிடுவதென்றால், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தே ஆக வேண்டும். வெளியிடுபவர் தம்மை நேரில் அறிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்தோடு கையெழுத்திட்ட உறுதிமொழியைக் கொடுக்காத வரை இயந்திரத்தில் தாளை ஏற்றக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. இந்த அடிவரிக்காகவே எத்தனையோ இரவுகள் பிளேட்டைத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

யாங்கர்ஸில் மகளின் தபால் பெட்டி அந்த மாதம் நிரம்பி வழிந்தது. தடித்த ஆர்ட் பேப்பரில், இருபுறமும் நான்கு வண்ணத்தில் அச்சிட்ட பெரிய அட்டைகள் நாள்தோறும் வந்தன. ஜூன் 25 அன்று அந்தப் பகுதியின் 16ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அப்போதைய உறுப்பினர் ஜமால் போமன் ஒருபுறம், வெஸ்ட்செஸ்டர் மாவட்ட நிர்வாகத் தலைவர் ஜார்ஜ் லாட்டிமர் மறுபுறம். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அங்கும் சட்டம் அடிவரியைக் கேட்கிறது: பணம் கொடுத்தவர் யார், எந்த வேட்பாளரின் ஒப்புதலும் இல்லாமல் வெளியிடப்பட்டதா என்ற விவரம், மற்ற வாசகங்களிலிருந்து பிரித்து ஒரு கட்டத்துக்குள் அச்சிடப்பட வேண்டும். தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் அளவு உண்டு. திரையின் உயரத்தில் நூற்றுக்கு நான்கு பங்காவது எழுத்தின் உயரம் இருக்க வேண்டும். குறைந்தது நான்கு விநாடி அது திரையில் நிற்க வேண்டும். அச்சுத் தொழில் செய்தவன் என்ற முறையில் இந்த விதியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியே ஏற்பட்டது.

அந்த மகிழ்ச்சி மாலைச் செய்தியின் இடைவேளை வரைதான் நீடித்தது. போமனுக்குத் தமக்கென்று ஒரு தனித் திட்டம் இருக்கிறது, அதிபர் பைடனோடுகூட அவர் ஒத்துப்போக மறுக்கிறார் என்று ஒரு விளம்பரம் ஓடியது. சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பணம் ஒதுக்கிய 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்பு மசோதாவுக்கு எதிராகவும், 2023ஆம் ஆண்டில் அரசின் கடன் வரம்பை உயர்த்திய உடன்பாட்டுக்கு எதிராகவும் அவர் வாக்களித்தார் என்பது அதன் குற்றச்சாட்டு. இரண்டும் உண்மை. சமூகநலத் திட்டங்களுக்கான மசோதாவையும் சேர்த்து நிறைவேற்ற வேண்டும் என்பதற்காகவே உள்கட்டமைப்பு மசோதாவை அவரும் வேறு ஐந்து ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும் எதிர்த்தார்கள் என்ற காரணம் மட்டும் அதில் இல்லை. இறுதியில், விதிப்படி, பணம் கொடுத்த அமைப்பின் பெயர் வந்தது: யுனைடெட் டெமாக்ரசி ப்ராஜெக்ட். மகளிடம் அது என்ன அமைப்பு என்று கேட்டேன். "சாலை, பாலம் பத்தின ஏதோ அமைப்பா இருக்கும்ப்பா" என்றாள். அவள் அந்தத் தொகுதியின் வாக்காளர், நாள்தோறும் செய்தி படிப்பவள்.

அது சாலை, பாலங்களுக்கான அமைப்பு அன்று. அமெரிக்க-இஸ்ரேல் உறவை வலுப்படுத்துவதற்காக 1950களில் தொடங்கப்பட்ட ஏய்பேக் என்னும் அமைப்பு 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவிய சூப்பர் பேக், அதாவது வேட்பாளரிடமிருந்து தனித்து நின்று வரம்பின்றிச் செலவழிக்கும் தேர்தல் நிதிக் குழு, அது. (2021 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்குப் பணியாற்றிய ஐபேக் முற்றிலும் வேறு, பெயர் காதில் ஒன்றுபோல் விழுவதால் சொல்லி வைக்கிறேன்.) ஏய்பேக் என்பதில் வரும் 'பேக்' கூடத் தேர்தல் நிதிக் குழுவைக் குறிப்பதில்லை, 'பொது விவகாரக் குழு' என்பதன் சுருக்கமே அது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அது பெரும்பாலும் உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசி வந்ததே தவிர, வேட்பாளர்களுக்காக நேரடியாகப் பணம் செலவழித்ததில்லை. 2010ஆம் ஆண்டில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றமும், அதைத் தொடர்ந்து ஸ்பீச்நவ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழங்கிய தீர்ப்புகளுக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனித்துச் செலவழிக்கும் ஒரு குழு எவ்வளவு தொகையையும் திரட்டலாம், எவ்வளவையும் செலவழிக்கலாம் என்றாகியது. ஒரு தனிநபர் ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு நேரடியாகத் தரக்கூடியது 2024இல் 3,300 டாலர் மட்டுமே. சூப்பர் பேக்குக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. போமனின் தொகுதியில் மட்டும் இந்த அமைப்பு 1.4 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. கீழவைப் பிரைமரிகளின் வரலாற்றிலேயே மிக அதிகச் செலவில் நடந்தது அதுவே என்று விளம்பரக் கணக்கெடுப்பாளர்கள் தெரிவித்தார்கள்.

அந்த மாதத்தில் இந்த அமைப்பின் விளம்பரங்கள் எத்தனை முறை என் கண்ணில் பட்டன என்று எண்ணவில்லை. பார்த்தவற்றுள் ஒன்றில்கூட இஸ்ரேல் என்ற சொல் இல்லை, காசா என்ற சொல்லும் இல்லை. இதுதான் என்னை எழுத வைத்தது.

தற்செயலாக இப்படி அமைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலையில் மேரிலாந்தின் 4ஆவது தொகுதியில் முன்னாள் உறுப்பினர் டோனா எட்வர்ட்ஸ் மீண்டும் போட்டியிட்டபோது, அவர் பதவியில் இருந்த காலத்தில் தொகுதி மக்களின் குறைகளைக் கவனிக்கவில்லை என்று இதே அமைப்பு சுமார் 60 லட்சம் டாலருக்கு விளம்பரம் செய்தது. அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசியே அதை மறுத்துக் காணொளி வெளியிட்டும் பயனில்லை, எட்வர்ட்ஸ் தோற்றார். அதே ஆண்டு மே மாதம் பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் போட்டியிட்ட சம்மர் லீ கட்சிக்கும் பைடனுக்கும் விசுவாசமானவர் அல்லர் என்று விளம்பரம் ஓடியது. அந்த ஆண்டில், பைடனின் வெற்றியை ஏற்க மறுத்து வாக்களித்த 100க்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர்களுக்கு ஏய்பேக் ஆதரவு அளித்திருந்தது என்பதை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். லீ 1000 வாக்குகளுக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். போமனின் தோல்விக்கு ஆறு வாரத்துக்குப் பின், 2024 ஆகஸ்ட் 6 அன்று, செயின்ட் லூயிஸ் தொகுதியில் அப்போதைய ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கோரி புஷ் பிரைமரியில் தோற்றார். அங்கு 80 லட்சம் டாலருக்கு மேல் செலவு. அங்கும் உள்கட்டமைப்பு மசோதாவே ஆயுதம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு எளிதில் தவறான பக்கம் திரும்பிவிடக் கூடியது. ஏய்பேக் ஓர் அமெரிக்க அமைப்பு. அதற்குப் பணம் தருபவர்கள் அமெரிக்கர்கள். வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலில் ஒரு டாலர்கூடச் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. தம் நாட்டின் வெளியுறவுக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று குடிமக்கள் கூடிக் குரல் கொடுப்பது அவர்களின் உரிமை. அமெரிக்க யூதர்கள் அனைவரும் ஏய்பேக்கின் பக்கம் நிற்பவர்களும் அல்லர். 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜே ஸ்ட்ரீட் என்ற அமைப்பு இஸ்ரேலை ஆதரித்துக்கொண்டே அதன் அரசின் கொள்கைகளோடு பலமுறை மாறுபடுவது. போமன் தோற்றதற்குப் பணம் ஒன்றே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். காசாப் போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலைக் கண்டித்து அவர் பேசியவற்றால் உண்மையாகவே மனம் புண்பட்ட யூத வாக்காளர்கள் அந்தத் தொகுதியில் பலர் இருந்தார்கள். லாட்டிமரும் அங்கு பல காலமாக அறிமுகமான மனிதர். என் குறை அமைப்பின் நோக்கத்தைப் பற்றியதன்று. நோக்கத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசியதைப் பற்றியது.

முன்பு இப்படி இல்லை. 1940ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று, பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த வாரத்தில், அமெரிக்க நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் ஒன்று வெளியானது. 'ஹிட்லரை இப்போதே தடுத்து நிறுத்துங்கள்' என்பது தலைப்பு. வாசகத்தை எழுதியவர் நாடகாசிரியர் ராபர்ட் ஷெர்வுட். வெளியிட்டது, நேச நாடுகளுக்கு உதவுவதன் மூலம் அமெரிக்காவைக் காப்போம் என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்ட குழு. அந்தப் பெயரைப் படித்தாலே அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். போரில் தலையிடக் கூடாது என்றவர்களும் எதிர்ப் பக்கத்தில் விளம்பரம் செய்தார்கள். அந்த எதிர் முகாமின் பிரசாரத்தில் ஒரு பகுதிக்கு ஜெர்மன் தூதரகம் மறைவாகப் பணம் கொடுத்தது, போருக்குப் பின் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் ஆவணங்களால் வெளிப்பட்டது. அங்கே மறைக்கப்பட்டது பணம் கொடுத்தவரின் பெயர். கேட்கப்பட்ட கோரிக்கை பக்கத்திலேயே இருந்தது. யாங்கர்ஸில் பெயர் இருந்தது, கோரிக்கையைக் காணவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1962 ஏப்ரல் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் வந்த விளம்பரம். அணு ஆயுதச் சோதனைகளை எதிர்த்த சேன் என்ற அமைப்பு அதை வெளியிட்டது. அமெரிக்கத் தாய்மார்களுக்கெல்லாம் தெரிந்த குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், கோட்டும் டையும் அணிந்து, தம் முன்னால் நிற்கும் ஒரு சிறுமியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. டாக்டர் ஸ்பாக் கவலைப்படுகிறார் என்பதே தலைப்பு. கீழே, சோதனைகள் தொடர்ந்தால் குழந்தைகளுக்கு என்ன நேரும் என்பதற்கான அவருடைய வார்த்தைகள். படத்தைப் பார்த்ததும் மனம் கலங்கும், அது உண்மை. உணர்ச்சியைத் தூண்டிய விளம்பரம்தான். ஆனால் தூண்டிய உணர்ச்சியும் கேட்ட கோரிக்கையும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. படிப்பவர் ஏற்கலாம், மறுக்கலாம், எதிர்த்து எழுதலாம். அடுத்த ஆண்டே வளிமண்டல அணுச் சோதனைகளுக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானபோது, மக்கள் அதைப் பற்றி ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. 2010இல் பென்சில்வேனியாவின் செனட் தேர்தலில் ஜோ செஸ்டக் இஸ்ரேலுக்கு எதிரானவர் என்று ஓர் அமைப்பு வெளிப்படையாக விளம்பரம் செய்தது. இல்லை என்று ஜே ஸ்ட்ரீட் அதே அளவு வெளிப்படையாகப் பதில் விளம்பரம் கொடுத்தது. 2015இல் ஈரானோடு அணு உடன்பாடு ஏற்பட்டபோது, அதை முறியடிக்க ஏய்பேக் தனியே ஓர் அமைப்பைத் தொடங்கி, கோடிக்கணக்கான டாலர் செலவில் உடன்பாட்டின் குறைகளை விளக்கி விளம்பரம் செய்தது. அந்த வாதங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவை வாதங்களாக இருந்தன. செனட்டில் அந்த முயற்சி தோற்றாலும், நாட்டில் ஒரு விவாதம் நடந்தது.

அப்படியிருக்க, இப்போது ஏன் இந்த மௌனம்? 2024 மே மாதம் கென்டக்கியில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தாமஸ் மாசிக்கு எதிராக இதே யுனைடெட் டெமாக்ரசி ப்ராஜெக்ட் விளம்பரம் செய்தபோது, இஸ்ரேல் தொடர்பான அவருடைய வாக்குகளையே நேராக எடுத்துக் குற்றம் சாட்டியது. அங்கு வாயைத் திறந்தவர்கள் யாங்கர்ஸில் மூடிக்கொண்டார்கள். காசாப் போர் பற்றி ஜனநாயகக் கட்சி வாக்காளர்களின் மனம் மாறிவருவது கருத்துக்கணிப்புகளில் தெரிந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கே பேசினால் வாக்கு சேருமோ அங்கே பேசினார்கள், எங்கே பேசினால் குறையுமோ அங்கே பாலத்தையும் சாலையையும் முன்னிறுத்தினார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

வாக்காளருக்கு எது முக்கியமோ அதைப் பேசுவதுதானே தேர்தல் விளம்பரம், நன்கொடையாளர் பட்டியல் தேர்தல் ஆணையத்தில் பகிரங்கமாக இருக்கும்போது ஒளிவுமறைவு எங்கே வந்தது என்று அவர்கள் தரப்பில் கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பட்டியல் இருக்கிறது, சட்டம் மீறப்படவில்லை. ஆனால் முப்பது விநாடி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் ஆணையத்தின் இணையதளத்துக்குப் போய் அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடுவார்கள்? மருந்துப் பெட்டியின் மேல் தயாரிப்பாளரின் பெயரை அச்சிட்டுவிட்டு, உள்ளே இருப்பது எந்த நோய்க்கான மருந்து என்பதை விட்டுவிட்டால் அந்த முத்திரைச் சீட்டை நான் அச்சிட்டுக் கொடுத்திருக்க மாட்டேன். ஒரு கொள்கைக்காக மட்டுமே திரட்டப்பட்ட பணம் ஒரு தேர்தலில் செலவாகும்போது, அந்தக் கொள்கை என்ன என்பதை ஒரே ஒரு வரியில் சொல்லும்படி அடிவரி விதியை நீட்டிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இஸ்ரேலுக்கும் சரி, பாலஸ்தீனத்துக்கும் சரி, உக்ரைனுக்கும் தைவானுக்கும் சரி, எந்தப் பக்கம் நிற்கும் அமைப்புக்கும் இது பொருந்த வேண்டும். கட்டத்துக்குள் இன்னொரு வரிக்கு இடம் உண்டு, அளவெடுத்தே சொல்கிறேன்.

ஜூன் 25 இரவு முடிவு வந்தது. லாட்டிமர் தெளிவான வித்தியாசத்தில் வென்றார். மகள் கைப்பேசியில் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்ரேலை ஆதரிப்பது நல்ல கொள்கை மட்டுமல்ல, நல்ல அரசியலும்கூட என்பதை இந்த முடிவு மீண்டும் காட்டிவிட்டது என்ற பொருளில் ஏய்பேக் அறிக்கை வெளியிட்டிருந்தது. அதை எனக்குப் படித்துக் காட்டினாள். மேசையின் மேல் அந்த மாதத்து அட்டைகள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, மறுசுழற்சிப் பெட்டியில் போடுவதற்காக. அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதை நேத்தே சொல்லியிருக்கலாமேப்பா."